புதுசும் பழசும்

பைக்கை விற்று வாங்கிய புது கிராஃபிக்ஸ் கார்டைப் போட்டும் திரையில் படம் திக்கித் திணறியது. விடிவதற்குள் அனிமேஷனை முடிக்காவிட்டால் வேலை போய்விடும். அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"பழசே இருந்திருக்கலாம்," என்றாள் மனைவி.

"அந்தக் குப்பையா? அதான் உன் தம்பி தலையில கட்டிட்டேனே!"

வேறு வழியில்லாமல் அந்த மச்சானையே வரவழைத்தான்.

"நீங்க குடுத்த கார்டு சும்மா பறக்குது மாமா!" என்றபடி வந்தவன், கம்ப்யூட்டரின் பின்பக்கம் குனிந்தான். "மானிட்டர் ஒயரைக் கார்டுல சொருகாம மதர்போர்டுல சொருகியிருக்கீங்களே! கார்டு வேலையில்லாமக் கிடக்கு."

"அந்த ஒயரை நான் தொடவே இல்லடா. கம்ப்யூட்டர் வாங்கின நாள்லேர்ந்து அங்கேதானே..."

மச்சான் நிமிர்ந்தான்.

"அதான் மாமா, அந்தப் பழைய கார்டு அவ்வளவு புதுசா இருந்துச்சு!"