எல்லப்பன் ஓடினாரா?

"எல்லாம் கற்பனைன்னு சொல்லிடுங்க. மன்னிப்பு கேட்டுடுங்க. அந்த அத்தியாயத்தையே எடுத்துடறேன்னு சொல்லி அனுப்புங்க" என்றாள் கவிப்பிரியா, கணவனிடம். ஜன்னல் வழியே கீழே பார்த்தபடிதான் பேசினாள். "வந்துட்டாங்க. மூணு பேரு."

கிருபாகரன் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டான். சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. சேக்காட்டில் இந்த ஃப்ளாட்டுக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது. அதில் நான்கு வருட ஞாயிற்றுக்கிழமைகளை ஒரே நாவலுக்குச் செலவழித்திருந்தான். முந்நூறு வருடத்துக்கு முன் ஒற்றை ஈட்டியால் புலியைக் குத்திக் கொன்றதாகச் சொல்லப்படும் எல்லப்பனின் கதை. வெள்ளானூர்ப் பக்கம் ஏரிக்கரையில் அவனுக்கு நடுகல் இருக்கிறது, ஆடியில் பொங்கலும் உண்டு.

நேற்று மதியம் அந்த ஊரிலிருந்து போன் வந்தது. "நீ எழுதினது நெசமா பொய்யா? எனக்கு நேர்ல தெரிஞ்சாவணும். ஊட்டு அட்ரஸ் குடு." அவ்வளவுதான் பேச்சு.

கதவைத் திறந்ததும் வேட்டி கட்டிய பெரியவர் முதலில் நுழைந்தார். பின்னால் அவர் மனைவி. மூன்றாவதாக வந்தவனைப் பார்த்ததும் கிருபாகரன் ஒரு அடி பின்னால் நகர்ந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். தாடி, அகலமான தோள். கையை முஷ்டியாக இறுக்கியிருந்தான். வணக்கம் சொல்லவில்லை, நிமிர்ந்தும் பார்க்கவில்லை. சுவர் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டான்.

"என் பேரு தேவராஜு. இவ எம் பொண்டாட்டி அஞ்சலை. எல்லப்பன் கல்லுக்கு பூச போடறவங்க நாங்க. அவுரு வம்சம்."

"தெரியும் சார். உக்காருங்க."

தேவராஜ் உட்காரவில்லை. நாவலை மேஜை மேல் வைத்தார். அட்டை நைந்திருந்தது.

"இதுல இன்னா சார் எழுதிகீறே? புலியப் பாத்ததும் எல்லப்பனுக்கு வேட்டி நனஞ்சி போச்சு. கூட்டாளிய புலி வாயில உட்டுட்டு ஓடிட்டாரு. பனங்காட்டுல ஒளிஞ்சிகினு அழுதாரு. இது நெசமா, பொய்யா?"

"ஐயா, அது வெறும் கதை..." என்று கவிப்பிரியா ஆரம்பித்தாள்.

"நீ இரும்மா. எழுதினவரு சொல்லட்டும்."

கிருபாகரன் கைகளைக் கூப்பினான். "கற்பனைதாங்க. உங்க மனசு நொந்திருந்தா மன்னிச்சிடுங்க. அடுத்த பதிப்புல எடுத்துடறேன்."

அஞ்சலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தேவராஜ் மேஜையைப் பிடித்துக்கொண்டார். "கற்பனையா? நல்லா ரோசன பண்ணி சொல்லு சார். எல்லாமே கற்பனையா?"

தாடிக்காரன் எழுந்தான். யாரையும் பார்க்காமல் கதவை நோக்கி நடந்தான். தாழ்ப்பாள் போடப் போகிறான் என்று கிருபாகரனுக்குத் தோன்றியது. அடி விழப்போவது நிச்சயம். அது நிச்சயமானதும், ஏனோ பயம் கொஞ்சம் விலகிக்கொண்டது.

"முழுக்கக் கற்பனை இல்லைங்க" என்றான்.

கவிப்பிரியா அவன் கையைப் பிடித்தாள். அவன் நிறுத்தவில்லை.

"உங்க ஊர்ல வேம்புலியம்மாள்னு ஒருத்தங்க நடவுப் பாட்டு பாடினாங்க. ரெக்கார்ட் பண்ணி வெச்சிருக்கேன். 'மூணு நாளாக் காணலியே, முள்ளுக் காட்டில் தேடினமே'ன்னு அதுல வருது. புலி வந்தது ஒரு நாள், அது செத்தது மூணு நாள் கழிச்சு. நடுவுல எல்லப்பன் எங்க இருந்தாரு? கல்லுல அவர் காலடியில இன்னொரு ஆள் விழுந்து கிடக்கறான். அது யாரு? யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன். அவர் பயந்து ஓடியிருக்கார் சார். மூணாம் நாள் யாரும் கூப்பிடாம, பயத்தோடயே திரும்பி வந்திருக்கார். அதனாலதான் எனக்கு அவரைப் பிடிச்சுது. அடிக்கறதுன்னா அடிச்சுக்குங்க. நான் ஒரு வரியும் மாத்த மாட்டேன்."

தாழ்ப்பாளில் வைத்த கை அப்படியே நின்றது.

தேவராஜ் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்பாடா! இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா சார்? உசுரே போயி வந்துச்சு."

கிருபாகரனுக்கு எதுவும் புரியவில்லை.

"அவன் எம் புள்ள, ஜெகதீசு" என்றார் தேவராஜ், கதவுப் பக்கம் பார்த்து. "ரெண்டு மாசம் முன்னாடி இவன் வேல செஞ்ச கம்பெனில தீ புடிச்சிகிச்சு. பக்கத்துல நின்னுகினு இருந்த கூட்டாளிய உட்டுட்டு வெளிய ஓடியாந்துட்டான். அந்தப் புள்ள பொழச்சிகினான், ஆஸ்பத்திரில கீறான். 'எல்லப்பன் வம்சத்துல பொறந்துட்டு ஓடியாந்தியே'ன்னு ஊரே கேட்டுச்சு. நானும் கேட்டேன் சார். அன்னிலேந்து வாயத் தொறக்கல. உன் புக்கத்தான் திருப்பித் திருப்பிப் படிச்சிகினு கீறான். நேத்து இத்த எழுதிக் காட்டினான்."

சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினார். 'எல்லப்பன் நெசமாவே ஓடினாரா?' என்று அதில் இருந்தது.

கதவருகே கரகரத்த குரல் கேட்டது. அஞ்சலை திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"திரும்பி வந்தவர ஊர்ல சேத்துகினாங்களா சார்?"

"சேத்துக்கிட்டாங்க" என்றான் கிருபாகரன். "இன்னிக்கும் பொங்கல் வெக்கிறாங்களே."

ஜெகதீஷ் கதவைத் திறந்தான்.

"வா நைனா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."