வலைக்கு அந்தப் பக்கம்

வெற்றியைத் தாங்க உடம்பு போதும். தோல்வியைத் தாங்கத்தான் ஆன்மா வேண்டும்.

டிவி வர்ணனையாளர் இதை முந்தின நாளே எழுதி வைத்திருந்தார். யார் தோற்றாலும் பொருந்தும்.

தோற்றது டென்னிஸ் சாம்பியன். அதுவும் முதல் சுற்றிலேயே, சட்டையில் ஒரு விளம்பரம்கூட இல்லாத ஒரு புதியவனிடம். கடைசி செட், அதுவும் சமனாகி டைபிரேக், ஏழுக்கு ஐந்து.

கடைசிப் பந்து சாம்பியனின் மட்டை விளிம்பில் பட்டு எங்கோ போனது. புதியவன் மல்லாந்து விழுந்தான். எழுந்த கூச்சலில் நடுவர் மைக்கில் சொன்னது நடுவருக்கே கேட்டிருக்காது.

தோற்றவர் வலைவரை வந்து, கை என்ற பெயரில் நாலு விரலைக் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். சாம்பியன் அதிலும் கஞ்சன். ஒன்பது வருடத்தில் பதினாறு மட்டைகளை உடைத்தவன். ரசிகர்கள் வைத்த பெயர் இஸ்திரிப்பெட்டி. கிட்டே போனால் சுடும்.

அவன் கோப்பை வாங்கும்போதெல்லாம் கைதட்டினார்கள்தான், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டவர்களைப் போல.

அன்று அவன் வலையருகே நிற்கவில்லை. வலையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கமே போனான்.

அடிக்கத்தான் போகிறான் என்று பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள்.

குனிந்தான். கைகொடுத்துத் தூக்கினான். முதுகில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டான். காதோரம் ஏதோ கேட்டான்.

புதியவன் அவனையே ஒரு கணம் பார்த்தான். மெதுவாகப் பதில் சொன்னான். பிறகு இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

மிச்சப் பாதிப் பேரும் எழுந்தார்கள்.

அப்படியொரு கைதட்டலைச் சாம்பியன் தன் வாழ்நாளில் கேட்டதில்லை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றும் தெரியவில்லை. கைகளைத் தொங்கவிட்டு நடுவில் நின்றான். அவனுடைய மேனேஜர் ஒரு கையால் கண்ணைத் துடைத்து, மறு கையால் அதைப் படம் எடுத்துக்கொண்டார். சங்கத் தலைவர் உணர்ச்சி வேகத்தில் பூங்கொத்தைத் தோற்றவனிடம் கொடுத்துவிட்டார். ஜெயித்தவன் வெறுங்கையோடு நின்றான்.

காதில் என்ன சொன்னீர்கள் என்று நிருபர்கள் கேட்டார்கள். சாம்பியன் தண்ணீர் குடித்தான். தன்னடக்கம் என்று எழுதிக்கொண்டார்கள். புதியவனையும் கேட்டார்களாம். அது எங்களுக்குள்ள இருக்கட்டும் என்று சிரித்து நழுவிவிட்டானாம்.

உடைமாற்றும் அறையில் யாரும் இல்லை. இரண்டு வாரத்துக்குப் போட்டிருந்த ஹோட்டல் அறையை ரத்துசெய்யப் பயிற்சியாளர் போயிருந்தார். சாம்பியன் பூங்கொத்தை வைக்க இடம் தேடி, கடைசியில் கைகழுவும் தொட்டியில் வைத்தான்.

போன் அடித்தது. அக்கா.

நாலு வருடமாக அவள் பேசவில்லை. ஒரு பெண் நடுவரை அவன் மைதானத்திலேயே அழவைத்த அன்று டிவியை அணைத்தவள். அவன் அடித்த போன்களையும் எடுத்ததில்லை.

“டேய், இன்னைக்குத்தான்டா நாலு பேர்கிட்ட, இவன் என் தம்பின்னு வாய்விட்டுச் சொன்னேன்.” அழுதுகொண்டிருந்தாள்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, பிள்ளைகள் மாமாவைப் பார்க்கணுமாம் என்றாள்.

“வரேன்க்கா,” என்றான்.

அவள் வைத்த பிறகும் போனைக் காதிலேயே பிடித்திருந்தான்.

டைபிரேக்கில் ஆறு புள்ளிக்கு ஒருமுறை ஆட்டக்காரர்கள் பக்கம் மாற வேண்டும். ஏழும் ஐந்தும் பன்னிரண்டு. அவன் பக்கம் மாறத்தான் போனான். போன மாதம் ஆடிய போட்டியில் டைபிரேக் பத்துப் புள்ளிவரை. இங்கே ஏழோடு சரி.

வழியில் ஒருவன் விழுந்து கிடந்தான். கால் பிசகிவிட்டதா, டாக்டரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டான்.

ஆட்டம் முடிந்துவிட்டது என்று அவனுக்குச் சொன்னதே அந்தப் புதியவன்தான்.