நைட் ஷிப்ட் புருஷன்

தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு தருவதில்லை என்பதில் தெய்வாத்தாள் படு கறார். ஊட்டுக்காரர் இருந்தால் வாங்க, இல்லையென்றால் நடையைக் கட்டுங்க என்று வாசலிலேயே சொல்லிவிடுவார்.

அதனால்தான் விஜயராணி ஒரு புருஷனை உண்டாக்கினாள்.

நிஜப் புருஷன் காசிமாயன் உசிலம்பட்டிப் பக்கம் இருந்தான். அவன் அடி தாங்காமல் மகள் ஆஷாவைத் தூக்கிக்கொண்டு திருப்பூர் வந்தவளுக்கு பனியன் கம்பெனியில் வேலை உடனே கிடைத்தது. வீடுதான் கிடைக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் படுத்துப் படுத்துப் பிள்ளைக்குக் காய்ச்சலே வந்துவிட்டது.

"அவருக்குச் சாயப்பட்டறையில நைட் ஷிப்டும்மா. பகல்ல தூங்குவாரு" என்று தெய்வாத்தாளிடம் கூசாமல் சொன்னாள். 2005-ல் சாயப்பட்டறைகள் விடிய விடிய ஓடியதால் பொய் செல்லுபடியானது. லைன் வீட்டில் கடைசி வீடு கிடைத்தது.

தினமும் ஒரு லுங்கியைத் துவைத்துக் கொடியில் போட்டாள். அவருக்குக் காரம் ஆகாது என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் அலுத்துக்கொள்ளவும் செய்தாள். இருந்த புருஷனைவிட இல்லாத புருஷனோடு குடித்தனம் நடத்துவது சுகமாகவே இருந்தது.

ஒரு ஞாயிறு மத்தியானம் தெய்வாத்தாள் வீட்டு வாசலில் காசிமாயன் குரல் கேட்டது. விஜயராணி கதவைச் சாத்திவிட்டுப் பிள்ளையை அணைத்துக்கொண்டாள். தெய்வாத்தாள் கையைக் காட்டினால் போதும், வீடும் போச்சு, உயிரும் போச்சு.

பொண்டாட்டி ஓடிவந்துவிட்டாள், பெயர் விஜயராணி, கூட ஒரு பொட்டப்பிள்ளை என்று அவன் விவரம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"தனிப் பொம்பளைக்கு நான் ஊடு தர்றதில்லைங்க" என்றார் தெய்வாத்தாள்.

"அந்தா, சாத்திக் கெடக்கே, அந்த வீட்ல யாரு?"

"சாயப்பட்டறைக்காரருங்க. நைட் ஷிப்ட் முடிச்சுத் தூங்கறாரு. தூக்கத்துல எழுப்புனா மொதல்ல அவரு கைதான் பேசும். எழுப்பட்டுங்களா?"

பொண்டாட்டியிடம் மட்டுமே வீரம் காட்டிப் பழகிய காசிமாயன், தூங்கட்டும் பாவம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

அவன் தலை மறைந்ததும் தெய்வாத்தாள் வந்து கதவைத் தட்டினார்.

"அவரு தூங்கறாரும்மா" என்றாள் விஜயராணி, பழக்கதோஷத்தில்.

"வந்த மொத வாரமே எனக்குத் தெரியும் கண்ணு" என்று தெய்வாத்தாள் குரலைத் தாழ்த்தினார். "அப்பப்ப ரெண்டு சட்டிபானையத் தூக்கிப் போட்டு உருட்டு. புருசன் இருக்கற ஊடு இத்தனை அமைதியா இருந்தா யாரு நம்புவாங்க?"