மத்தியான வானம்

ஜெரோமுக்குப் பஞ்சாலையில் எப்போதும் ராத்திரி ஷிப்டு. கல்யாணத்துக்குப் பிறகு அவன் நட்சத்திரம் பார்த்த ஞாபகமே இல்லை. சிங்காநல்லூர்ப் பொருட்காட்சியில், காற்றடித்து நிறுத்திய கறுப்புக் கூடாரத்துக்குள் பகலிலேயே வானத்தைக் காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, தூக்கத்தை விட்டு மனைவி அன்புச்செல்வியோடு வந்திருந்தான்.

நட்சத்திரங்கள் தெரிய ஆரம்பித்ததும் கரண்ட் போயிற்று. காற்றடிக்கும் விசிறி நின்று, கூடாரத்துணி மெல்ல இறங்கி எல்லோர் தலைமேலும் கவிழ்ந்தது. ஜெரோம் இரண்டு கையாலும் அதைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான்.

“காட்சி முடிஞ்சுதுங்க. அடுத்த கூட்டம் நிக்குது” என்றான் காட்சி நடத்துகிறவன்.

“ஏனுங்க, ராத்திரி பூரா மில்லுக்குள்ள கெடக்கறவன் வானத்த எப்பங்க பாக்கறது?” என்று கத்தினான் ஜெரோம்.

அந்த ஆள் தரையைப் பார்த்தான். அன்புச்செல்வியும் பார்த்தாள். வெயிலில் மற்றவர்களின் நிழல் நிழலாகவே கிடந்தது. ஜெரோமின் நிழலுக்குள் நட்சத்திரங்கள் மினுங்கின.

“அது எங்களுதுங்க. உட்டுப்போட்டுப் போங்க” என்றான் அந்த ஆள்.

“முடியாதுங்க.”

ஜெரோம் சைக்கிளை எடுத்தான். அந்த நிழல்மேல் கால் படாமல் சுற்றிவந்து அன்புச்செல்வி பின்னால் ஏறிக்கொண்டாள். அதற்குள் கரண்ட் வந்து கூடாரம் எழும்பியது. அடுத்த கூட்டம் உள்ளே போயிற்று.

“ஒண்ணுமே தெரியலீங்க, வெறும் இருட்டா இருக்குது” என்று உள்ளே ஒரு குழந்தை சொல்வது கேட்டது.

“குடுத்துப்போட்டுப் போலாமுங்க” என்றாள் அன்புச்செல்வி.

ஜெரோம் பெடலை அழுத்தி மிதித்தான்.