லோகாம்பாள் சொன்ன ‘வேண்டாம்’

“மாத்த வேண்டாம் டாக்டர்” என்றாள் லோகாம்பாள்.

மாதுரி சட்டென்று திரும்பினாள். டாக்டர் கேட்டது அப்பாவை. பதில் சொன்னது அம்மா.

அப்பா வெங்கிடாசலத்தின் மார்பில், தோலுக்கடியில் ஒரு சின்ன மெஷின் இருக்கிறது. இதயம் தாளம் தப்பினால் ஷாக் கொடுத்து மீட்டுவிடும். அதன் பேட்டரி தீரப்போகிறது. புது மெஷின் வைப்பதா, வேண்டாமா என்பதுதான் கேள்வி.

“இந்த வயசுல, கிட்னியும் பலவீனமா இருக்கறப்ப, ரெண்டுமே தப்பான முடிவில்லை” என்றார் டாக்டர். “மெஷின் நின்னா இதயம் நின்னுடாது. ஆனா திடீர்னு தாளம் தப்பினா காப்பாத்த அது இருக்காது. சார், நீங்க சொல்லுங்க.”

வெங்கிடாசலம் மனைவியைப் பார்த்தார். மகளைப் பார்க்கவில்லை.

“லோகா சொன்னதுதான்.”

எறணாகுளம் ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் திரும்பினார்கள். மட்டாஞ்சேரி வீட்டுக்குள் நுழைந்ததும் மாதுரி வெடித்தாள்.

“என்ன சட்டை போடணும், என்ன குழம்பு வைக்கணும், எல்லாத்துக்கும் அப்பா உன் முகத்தைத்தான் பார்ப்பார். இப்ப உசிருக்குமா?”

“ஓணத்தன்னிக்கு ஷாக் அடிச்சப்ப நீ பாக்கலை. இலைல உட்கார்ந்தவரை அடுத்தடுத்து உதறிப் போட்டுது. முழு நினைவோட இருந்தார், பாவம்.”

“அதனாலதானே இன்னிக்கு உயிரோட இருக்கார்!”

“இல்லேன்னு சொல்லலை. ஆனா போறும்.”

“போறுமா? பார்த்துக்க முடியலைன்னா வாயைத் திறந்து சொல்லு. நான் கலூர்ல எங்காத்துக்குக் கூட்டிண்டு போறேன்.”

லோகாம்பாள் சாயா போட உள்ளே போய்விட்டாள்.

விஷயம் பரவியது. வெங்கிடாசலத்தின் தங்கை ஜெயலக்ஷ்மி சுள்ளிக்கல்லிலிருந்து ஓடி வந்தாள்.

“மன்னி, ஊர்ல யாராவது இப்படிச் சொல்லுவாளா? கட்டினவரோட உசிர் உங்களுக்கு அத்தனை லேசாப் போயிட்டுதா?”

“வேண்டாம்னா வேண்டாம்தான்.”

“கல் நெஞ்சு!”

லோகாம்பாள் வாசல் வரை கூட வந்து நாத்தனாரை வழியனுப்பினாள்.

மாதுரி விடுவதாயில்லை. தானே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து ஆபரேஷனுக்கு நாள் வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை காலையில், அம்மா கோயிலுக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து, காரை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“கிளம்புங்கோப்பா. இன்னிக்கே அட்மிட் ஆகணும். அம்மா வரதுக்குள்ள போயிடலாம்.”

அலமாரியைத் திறந்து வேட்டி, துண்டு, மாத்திரைகளைப் பையில் திணித்தாள்.

“பையைக் கீழே வை.”

அப்பாவிடம் அவள் கேட்டே இராத குரல் அது.

“வேண்டாம்னு முடிவு பண்ணினது நான், மாதுரி. உங்கம்மா இல்லை.”

“என்னப்பா சொல்றேள்?”

“அடுத்த ஷாக் எப்போன்னு காத்துண்டே இருக்கேன். படகுல ஏற பயம், குளிக்கக் கதவைச் சாத்த பயம். இதுவும் உசிரோட இருக்கறதா? இனி கொஞ்ச நாளானாலும் பயமில்லாம இருந்துட்டுப் போறேன். நன்னா யோசிச்சாச்சு. மாறமாட்டேன்.”

“அதை டாக்டர்கிட்ட நீங்களே சொல்லியிருக்கலாமே!”

“நீ எதிர்ல உட்கார்ந்திருந்தே. உன் கண்ணுல ஜலம் வந்தா நான் சரின்னுடுவேன். அது அவளுக்குத் தெரியும். ‘நான் சொல்லிக்கறேன், திட்டு எனக்கே விழட்டும்’னா.”

மாதுரி கட்டிலில் உட்கார்ந்தாள். பையிலிருந்த வேட்டியை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“அப்படியானாலும்... அதைச் சொல்ல அம்மாவுக்கு எப்படிப்பா மனசு வந்தது?”

“எப்படி வரும்? மாத்திக்கோங்கோன்னு என் காலைப் பிடிச்சுண்டு அழுதா. நீயும் ஜெயாவும் போட்ட சண்டையெல்லாம் அவ போட்டதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லை” என்றார் வெங்கிடாசலம். “எங்கிட்ட தோத்த அப்புறம்தான், எனக்காக உங்ககிட்ட பேச வந்தா.”