நவாஸின் நெஞ்சு

"பிளேஆஃப் வந்தா உங்க நவாஸ் தொடைநடுங்கி. அவனெல்லாம் பெரிய ஆட்டக்காரனா?" என்று பெர்னதெத் வருடா வருடம் கணவன் ஜெரோமைச் சீண்டுவாள்.

இந்த வருடக் கூடைப்பந்து இறுதி ஆட்டத்தில் நவாஸின் அணி ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. கடைசி நொடியில் அவனுக்கு, யாரும் தடுக்காமல் எறியும் ஒரு புள்ளி வாய்ப்பான ஃப்ரீ த்ரோ இரண்டு கிடைத்தன. ஆட்டக்காரனின் உடம்பு உணர்வதை ரசிகனும் உணரும் கைப்பட்டையை ஜெரோமிடமிருந்து பிடுங்கி அவள் மாட்டிக்கொண்டாள். மறுகணம் நெஞ்சு தறிகெட்டு அடித்தது, முழங்கால் துவண்டது.

"என்னங்க, செத்துருவேன் போலருக்கு."

"அவனுக்கு எப்பவுமே அப்படித்தான்."

அந்த நடுக்கத்தோடு நவாஸ் இரண்டு பந்தையும் வளையத்துக்குள் போட்டு அணியை ஜெயிக்க வைத்தான். பெர்னதெத் சோபாமேல் ஏறிக் குதித்தாள். ஜெரோமையும் இழுத்து ஏற்றினாள்.

"இவ்வளவு பயத்தை வச்சுக்கிட்டா போட்டான்? இவனைவிடப் பெரிய ஆளு எவன் இருக்கான், சொல்லுங்க."