இரண்டே முக்கால் மணி நேரம்

படகிலேயே போகலாம் என்று கணவன் சொன்னதும் அவள் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள்.

பயண ஏஜென்சியில் மதிய நேரம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் அப்போதுதான் மூன்று தீவுகளின் படங்களை விரித்து வைத்திருந்தாள். மூன்றிலும் அதே தென்னை, அதே வெள்ளை மணல், தண்ணீரில் கால் ஊன்றி நிற்கும் அதே கூரை வீடுகள். எதில் தங்கினாலும் சொர்க்கம்தான் என்று சிரித்தாள்.

வித்தியாசம் போய்ச் சேரும் வழியில்தான் இருந்தது.

முதல் தீவுக்கு விமான நிலையத்திலிருந்து பாலம் உண்டு. காரில் கால் மணி நேரம். இரண்டாவதற்குத் தண்ணீரிலேயே இறங்கும் குட்டி விமானம். மூன்றாவதற்குப் படகு மட்டும்தான். இரண்டே முக்கால் மணி நேரம், சுற்றிலும் கரை தெரியாத கடல்.

அவன் விரல் மூன்றாவது படத்தின் மேல் இருந்தது.

அவன் லிஃப்ட் மெக்கானிக். பதினாலாவது மாடிக் குழிக்குள் கயிற்றில் தொங்கிக்கொண்டே பாட்டு முணுமுணுப்பான் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். உயரம் அவனை ஒன்றும் செய்யாது.

தண்ணீர்தான் ஆகாது.

கல்யாணமான பன்னிரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட அவன் கடற்கரைப் பக்கம் வந்ததில்லை. மகளை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டுத் தெருவிலேயே நிற்பான். பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறினால் கண்ணை மூடிக்கொள்வான். முதலில் அவள் கேலி செய்தாள். ஒருமுறை பாலத்தின் நடுவில் அவன் கையைத் தொட்டுப் பார்த்தாள். ஐஸ் மாதிரி இருந்தது. அதோடு கேலியை விட்டுவிட்டாள்.

அப்படிப்பட்டவன் ஒரு தீவுக்குப் போய்வரலாம் என்று தானாகவே ஆரம்பித்தபோது அவள் சந்தோஷப்படத்தான் செய்தாள். அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

ஆயுள் காப்பீடு எடுத்தான். பீரோவில் இருந்த காகிதங்களை எல்லாம் அடுக்கி, எது எங்கே இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி அவளிடம் காட்டினான். மகளைச் சித்தி வீட்டில் விட அவனே பேசி முடித்தான். வெளியூர் போகிறவர்கள் எல்லாரும் செய்வதுதானே என்றான்.

பிறகு ஒருநாள் அவனுடைய வேலைப் பையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுக்கும்போது ஒரு கடல் வரைபடம் கைக்கு வந்தது. மடித்து மடித்து மடிப்புகள் வெளுத்துப்போன காகிதம். அதில் வட்டமிட்டிருந்த பெயர்தான் இந்த மூன்றாவது தீவின் பெயர் என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மருந்துக்கடையில் பதினைந்து வருஷமாக வேலை பார்க்கிறவள் அவள். தூக்க மாத்திரை கேட்டு வருகிறவர்களின் முகத்தைப் படிக்கத் தெரியும். பதறுகிறவர்களைப் பற்றி அவள் கவலைப்படுவதில்லை. எல்லாவற்றையும் முடிவுசெய்துவிட்டு நிதானமாக வந்து நிற்கிறார்களே, அவர்களைத்தான் முதலாளியிடம் ஜாடை காட்டுவாள்.

இன்றைக்கு அந்த முகம் பக்கத்து நாற்காலியில் இருந்தது.

ஏஜென்சிப் பெண் படகின் வீடியோவைப் போட்டாள். நுரையைக் கிழித்துக்கொண்டு படகு பாய்ந்தது. அவன் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்தான். ஏசி குளிரிலும் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. ஆனால் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

படகில் எத்தனை பேர் ஏறலாம், எத்தனை பேரை ஏற்றுவார்கள் என்று தனித்தனியாகக் கேட்டான். எஞ்சின் எத்தனை, ஒன்று நின்றுபோனால் இன்னொன்று இழுக்குமா என்றான். உயிர்காப்புச் சட்டை எல்லாருக்கும் உண்டா, சின்னப் பிள்ளைகள் அளவிலும் இருக்குமா என்றான். பிள்ளைகள் யாரும் வருகிறார்களா என்று அந்தப் பெண் கேட்டாள். இல்லை என்றான்.

ஓரத்து இருக்கை கிடைக்குமா என்று அடுத்துக் கேட்டான். நடுக்கடலில் அவன் சத்தமில்லாமல் எழுந்து ஓரமாகப் போவது அவள் கண்ணுக்கு முன்னால் ஓடியது.

மேசைக்கு அடியில் அவன் முழங்காலைப் பிடித்தாள். இரண்டாவது தீவுக்கு விமானத்தில் இருபது நிமிஷம்தானே என்று காதோடு சொன்னாள். அவன் தலையை அசைத்து மறுத்தான். பாலம் இருக்கிற தீவுக்கே போவோம் என்றாள். அதற்கும் அதே தலையசைப்பு. எங்கேயுமே வேண்டாம், வீட்டுக்குப் போய்விடுவோம் வாங்க என்று அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

ஏஜென்சிப் பெண் சங்கடத்தோடு இருவரையும் பார்த்தாள். பேச்சை மாற்றுவதற்காகத் திரையில் படகு போகும் வழியைக் கொண்டுவந்தாள். துறைமுகத்திலிருந்து தீவு வரை நீலத்தின் மேல் ஒரு புள்ளிக்கோடு.

அவன் எழுந்தான். திரையருகே குனிந்து, அந்தக் கோட்டின் மேல் விரலை மெதுவாக நகர்த்திக்கொண்டே போனான். தீவு வருவதற்கு வெகுமுன்னால், வெறும் நீலத்தில், விரல் நின்றது.

அவள் எட்டி அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். எதற்குப் பிடித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"இந்த இடத்துல ஒரு நிமிஷம் போட்டை நிறுத்தச் சொன்னா நிறுத்துவாங்களா?"

போட்டோ எடுக்கத்தானே, நிறையப் பேர் கேட்பார்கள், சொல்லிவைத்துவிடலாம் என்றாள் அந்தப் பெண்.

"போட்டோவுக்கு இல்லம்மா. சின்ன வயசுல நாங்க போட்டுல தப்பிச்சு வந்த வழி இது. என் தங்கச்சி இங்கதான் இருக்கா. ஆறு வயசு."

வீட்டுக்கு ஒரே பிள்ளை என்று சொல்லித்தான் அவனை அவளுக்குக் கட்டிவைத்தார்கள்.